மண்புழு உரத்தில் மணிச்சத்து கூடிருச்சு, சாம்பல்சத்து எங்கே போச்சு?

#1 கொடுமுடி_குப்பைக்காரன் | பிப்ரவரி 12, இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருசமா மண்புழு உரம் போட்டுட்டு இருக்கேன். தென்னங்கீத்துக் கொட்டகைக்குள்ள நாலு சில்பாலின் (கெட்டியான பிளாஸ்டிக் பாய்) பெட்டு, ஒவ்வொண்ணும் 12 அடிக்கு 4 அடி, 2 அடி உயரம். போடறது 20 நாள் ஆறப்போட்ட மாட்டுச் சாணி, நறுக்குன வாழை மட்டை, மஞ்சள் தழை, அவ்வளவுதான். புழு ஆப்பிரிக்கன்.

இத்தன நாளா கையில அள்ளி மோந்து பாத்தே உரம் ஆச்சுன்னு முடிவு பண்ணீட்டிருந்தேன். இந்தத் தடவ பெட்டுல கொட்டறதுக்கு முன்னாடி ஒரு மாதிரியும், 65 நாள் கழிச்சுச் சலிச்ச உரத்துல ஒரு மாதிரியும் ஆய்வகத்துக்குக் குடுத்தேன். வந்த சீட்டு இது. ஈரம் போக உலர் எடையில நூத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு.

போடறதுக்கு முன்னாடி: கார்பன் 38, தழைச்சத்து (நைட்ரஜன்) 1.3, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.9, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 1.2, எரிச்ச பின்னாடி மிஞ்சுன சாம்பல் 34
சலிச்ச பின்னாடி: கார்பன் 24, தழைச்சத்து 1.7, மணிச்சத்து 1.5, சாம்பல்சத்து 1.4, மிஞ்சுன சாம்பல் 58

என் கேள்வி ரெண்டு. பாறை பாஸ்பேட் ஒரு புடி கூட நான் போடல. அப்பறம் மணிச்சத்து எப்படி 0.9ல இருந்து 1.5க்கு ஏறுச்சு? புழு உண்டாக்குதுங்களா? அப்படி உண்டாக்குனா சாம்பல்சத்து மட்டும் ஏன் நொண்டுது? வாழை மட்டைல சாம்பல்சத்து அள்ளிக் கெடக்கும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எங்க மச்சான் ஆய்வகக் கணக்கே தப்புங்கறார்.

#2 புழுப்பண்ணை2009 | பிப்ரவரி 12, இரவு 9.40

வாழ்த்துகள் சார். இதுதான் மண்புழுவின் மகிமை! புழுவின் குடலுக்குள் போய் வரும்போது தழைச்சத்து 5 மடங்கு, மணிச்சத்து 7 மடங்கு, சாம்பல்சத்து 11 மடங்கு பெருகுகிறது என்று விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குக் குறைவாக வந்திருக்கிறது என்றால் புழு தரமில்லை. தரமான தாய்ப்புழு வேண்டுமானால் தொடர்புகொள்ள

[தொலைபேசி எண் நீக்கப்பட்டது. விளம்பரத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. – மட்டுறுத்துநர்]

#3 ஆய்வக_அக்கா | பிப்ரவரி 12, இரவு 11.02

தம்பி, உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள், ஆய்வகம் தப்புச் செய்யவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ உரச் சீட்டு என் கை வழியாகப் போயிருக்கிறது, இவ்வளவு ஒழுங்காக முன்னும் பின்னும் மாதிரி எடுத்துக் கொடுத்தவர்கள் ரொம்பக் கம்மி. சாம்பலையும் அளக்கச் சொன்னீர்களே, அது பெரிய புண்ணியம். உங்கள் ரெண்டு கேள்விக்கும் விடை அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 5, 7, 11 மடங்குக் கதை. 1944ல் அமெரிக்காவில் கனெக்டிகட் பக்கம் வயல் மண்ணில் புழு எச்சமாகப் போட்ட குருணையையும் பக்கத்திலேயே இருந்த மேல்மண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த எண்கள் அங்கிருந்து வந்தவை. அதுவும் மொத்தச் சத்து அல்ல, செடி உடனே எடுத்துக்கொள்ளும் வடிவில் இருந்த சத்து. மண்ணில் இருந்ததைப் புழு பொறுக்கித் தின்று செறிவாக்கிப் போட்டது, அவ்வளவுதான். தொட்டியில் சாணியைப் போட்டு மூடிவைக்கிற நம் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எண்பது வருடமாகத் துண்டுச்சீட்டிலிருந்து துண்டுச்சீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிற எண்கள் அவை.

இப்போது உங்கள் கணக்கு. பாஸ்பரசும் பொட்டாசியமும் தனிமங்கள். புழு, பாக்டீரியா, நீங்கள், நான் யாராலும் அதை உண்டாக்க முடியாது. காற்றிலிருந்தும் வராது. பெட்டில் போனதுதான் வெளியே வரும். ஆனால் குவியல் சுருங்குகிறது இல்லையா? 2 அடி நிரப்பினால் கடைசியில் முக்கால் அடி, ஒரு அடிதான் நிற்கும். சுருங்கினதில் எது போச்சு என்று பார்க்கச் சாம்பலைப் பிடிக்க வேண்டும். உலையில் எரித்தால் கரிமப் பொருள் எல்லாம் போய்விடும், மிஞ்சுவது மணலும் தாதுவும். அதுவும் பெட்டை விட்டு எங்கேயும் ஓடாது என்று வைத்துக்கொள்வோம்.

100 கிலோ உலர் பொருளில் 34 கிலோ சாம்பல் இருந்தது. அதே 34 கிலோ இப்போது நூற்றுக்கு 58 ஆகத் தெரிகிறது. 34ஐ 58ஆல் வகுங்கள்: 0.586. அதாவது நீங்கள் போட்ட 100 கிலோ 58.6 கிலோவாகிவிட்டது.

இந்த 58.6ஐ வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மணிச்சத்து: போட்டது 0.9 கிலோ. எடுத்தது 58.6ல் நூற்றுக்கு 1.5, அதாவது 0.88 கிலோ. அப்படியே இருக்கிறது! ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காய்ச்சக் காய்ச்சப் பாயசம் இனிப்புக் கூடுகிற கதைதான், சர்க்கரையை யாரும் புதிதாகப் போடவில்லை.

தழைச்சத்து: போட்டது 1.3 கிலோ. எடுத்தது 1.0 கிலோ. 0.3 கிலோ காணோம்.

சாம்பல்சத்து: போட்டது 1.2 கிலோ. எடுத்தது 0.82. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மியாகக் காணாமல் போயிருக்கிறது. சீட்டில் 1.2 என்பது 1.4 ஆக "கூடியிருக்கிறது" என்று பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். உண்மையில் அதுதான் பெரிய நஷ்டம்.

ஒரு எச்சரிக்கை: மண் தரையில் குழி வெட்டிப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. புழு கீழே இருக்கிற மண்ணையும் கலந்துவிடும், சாம்பல் எண் பொய் சொல்லும். உங்களுக்கு அடியில் சில்பாலின் இருப்பதால் நம்பலாம்.

#4 கொடுமுடி_குப்பைக்காரன் | பிப்ரவரி 13, காலை 6.31

அக்கா, ராத்திரி படிச்சுட்டுத் தூக்கமே வரலீங்க. 100 கிலோவுல 41 கிலோ எங்க போச்சு? தழைச்சத்து எங்க போச்சு? சாம்பல்சத்து எங்க போச்சு? திருடன் யாருன்னு சொல்லாமப் போயிட்டீங்க.

#5 ஆய்வக_அக்கா | பிப்ரவரி 13, காலை 10.20

41 கிலோ மூச்சாகப் போனது. கார்பனைப் பாருங்கள்: 38 கிலோ போட்டீர்கள், 14 கிலோ கிடைத்தது. 24 கிலோ கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிட்டது. புழு விட்ட மூச்சு அதில் கொஞ்சம்தான், பெரும்பங்கு நுண்ணுயிரிகள் விட்ட மூச்சு. கார்பனும் தழைச்சத்தும் 29க்கு 1 என்று இருந்தது 14க்கு 1 ஆகியிருக்கிறது. 20க்குக் கீழே வந்தால் வயலில் போட்டவுடன் செடியோடு தழைச்சத்துக்குச் சண்டை போடாது. உங்கள் உரம் நன்றாகவே மக்கியிருக்கிறது.

தழைச்சத்தில் காணாமல் போனது பெரும்பாலும் அம்மோனியாவாகப் பறந்திருக்கும். கொஞ்சம் தண்ணீரோடு. சாணி கொட்டின முதல் வாரம் கொட்டகைக்குள் மூக்கு எரிந்ததா? அதுதான். மிஞ்சின தழைச்சத்தின் குணம் மாறியிருக்கும். ஆரம்பத்தில் அம்மோனியமாக இருந்தது புழு கிளறிக் காற்றோட்டம் வந்தபின் நைட்ரேட்டாக மாறும். நல்ல மண்புழு உரத்தில் நைட்ரேட்தான் ஓங்கியிருக்கும், அம்மோனியா வாடை சுத்தமாக இருக்காது.

சாம்பல்சத்துத் திருடனை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி: தினமும் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? ஊற்றின தண்ணீர் எங்கே வடிகிறது?

#6 புழுப்பண்ணை2009 | பிப்ரவரி 13, மதியம் 1.15

மேடம், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புழுவே வேண்டாம், சாணியைக் காயப்போட்டாலே சத்து கூடும் போலிருக்கிறதே? 15 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தொழுவுரம் போட்ட நாற்றும் மண்புழு உரம் போட்ட நாற்றும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கிலோ கணக்கில் எல்லாம் பயிர் வளராது. நுண்ணுயிர் என்று ஒன்று இருக்கிறது. மண்புழு உரத்தில் அது கோடிக்கணக்கில் பெருகுகிறது.

#7 நுண்ணோக்கி | பிப்ரவரி 13, இரவு 8.50

பண்ணைக்காரர் சொன்னதில் பாதி சரி, அதனால்தான் பதில் எழுதுகிறேன். நாற்றில் வித்தியாசம் தெரிவது நிஜம். "கோடிக்கணக்கில் பெருகுகிறது" என்பதில்தான் தகராறு. என் முனைவர் பட்ட வேலை இதைச் சுற்றித்தான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புழுவுக்குப் பல் இல்லை. உணவோடு விழுங்குகிற மணல்துகளை வைத்துக்கொண்டு கோழியைப் போல அரைவைப் பையில் அரைக்கிறது. சாணித் துணுக்கு பொடிப்பொடியாகிறது, பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும் பரப்பு பல மடங்காகிறது. அடுத்து குடல். வெளியே படுக்கை முழுக்கக் காற்றோட்டம், குடலுக்குள் ஆக்சிஜன் கிடையாது. நல்ல ஈரம், காரமும் அமிலமும் இல்லாமல் கிட்டத்தட்ட நடுநிலை, போதாததற்குப் புழுவே சுரக்கிற சளி. அந்தச் சளியில் எளிதில் கரையும் சர்க்கரையும் புரதமும் உண்டு. சோம்பிக் கிடந்த பாக்டீரியாவுக்குத் திடீரென்று கல்யாண விருந்து போட்ட மாதிரி. மண்ணைத் தின்னும் புழுக்களில் இதைக் கவனித்த ஆய்வாளர்கள் "தூங்கும் அழகி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள், புழு வந்து முத்தம் கொடுத்து எழுப்புகிறதாம்.

ஆனால் எழுப்புவது எல்லாரையும் அல்ல. சிலதைப் புழு செரித்தே விடுகிறது. பூஞ்சை இழை, புரோட்டோசோவா, பலவகை பாக்டீரியா எல்லாம் அதற்குச் சாப்பாடு. சாணியைத் தின்கிறது என்று நாம் நினைக்கிறோம், சாணியின் மேல் வளர்ந்த நுண்ணுயிரைத்தான் பெருமளவு அது உண்டு செரிக்கிறது. இட்லியைத் தட்டோடு விழுங்கி இட்லியை மட்டும் செரித்துத் தட்டைத் துப்பிவிடுவது போல.

ஸ்பெயினில் விகோ பல்கலைக்கழகத்தில் ஹோர்ஹே தோமிங்கெஸ் குழுவினர் இதை ரெண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். குடலுக்குள் நடப்பது ஒன்று. குருணையாகக் கீழே விழுந்தபின், புழு அந்த இடத்தை விட்டுப் போனபிறகும் வாரக்கணக்கில் நடப்பது இன்னொன்று. முதல் கட்டத்திலேயே மொத்த நுண்ணுயிர் எடை குறைகிறது என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. கூடவில்லை, குறைகிறது! சாப்பாடு தீர்ந்துகொண்டே வருகிறபோது கூட்டம் எப்படிக் கூடும்? ஆனால் யார் இருக்கிறார்கள் என்பது மாறிவிடுகிறது. சாணியில் இருந்த குடல்வாசிகள் பின்வாங்க, மண்ணிலும் வேர் ஓரத்திலும் வாழ்கிறவை, அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்குகிறவை, இழை இழையாக வளரும் பாக்டீரியாவான ஆக்டினோமைசீட்டுகள் எல்லாம் தலையெடுக்கின்றன. கூட்டம் சின்னதானாலும் வகை அதிகம்.

அதனால் "இந்த உரத்தில் ஒரு கிராமுக்கு இத்தனை கோடி" என்று பையில் அச்சடித்திருந்தால் அது பெருமை இல்லை. பச்சைச் சாணியில் அதைவிட அதிகமாக இருக்கும்.

மணிச்சத்தில் அக்கா சொன்ன 0.88 கிலோவுக்கு இங்கேதான் புழு நியாயம் செய்கிறது. எடை அதேதான். ஆனால் கரிமப் பொருளுக்குள் பூட்டிக் கிடந்த பாஸ்பேட்டை அவிழ்த்துவிடுகிற பாஸ்பட்டேஸ் என்ற நொதி குடலிலும் குருணையிலும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. செடி எடுக்கக்கூடிய பங்கு கூடுகிறது. சீட்டில் "மொத்த மணிச்சத்து" என்று போட்டால் இது தெரியாது.

நாற்று வித்தியாசத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரேசிலில் 2002ல் வெளியான ஒரு ஆய்வில் மாட்டுச்சாணி மண்புழு உரத்திலிருந்து பிரித்த ஹியூமிக் அமிலத்தை (மக்கில் இருக்கும் கறுப்புப் பொருள்) மக்காச்சோள நாற்றுக்குக் கொடுத்தார்கள். வேர் நீண்டது, பக்கவேர் அதிகம் வந்தது, செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சின் செய்கிற வேலை மாதிரியே. இதெல்லாம் கிலோக் கணக்கில் அடங்காது, பண்ணைக்காரர் சொன்னது அந்த அளவில் சரிதான்.

ஒரு உபரித் தகவல்: அந்த ஆக்சிஜன் இல்லாத குடலில் சில பாக்டீரியா நைட்ரேட்டைச் சிரிப்பு வாயுவாக (நைட்ரஸ் ஆக்சைடு) மாற்றி வெளியே விடுகிறது. ஜெர்மனியில் பைரோய்ட் பல்கலைக்கழகத்தில் உயிருள்ள புழுவைப் புட்டியில் விட்டே அளந்திருக்கிறார்கள். தம்பி தேடுகிற 0.3 கிலோவில் ஒரு துளி அந்த வழியாகவும் போயிருக்கும்.

#8 தலைஞாயிறு_தாத்தா | பிப்ரவரி 13, இரவு 10.05

இட்லித் தட்டு உவமை நல்லாருக்கு தம்பி. எங்க ஊர்ல மண்புழுன்னு யாரும் சொல்லமாட்டாங்க, நாங்கூழுன்னுதான் பேரு. ஐப்பசி மழை விட்ட மறுநாள் வரப்பு முழுக்கக் குருணை குருணையா மண்ணு குமிஞ்சு கெடக்கும். வெறுங்காலோட நடந்தா மெத்து மெத்துன்னு இருக்கும். அதை அள்ளிப் பூசணிக் குழியில போடுவா எங்கம்மா. எந்த ஆய்வகமும் அப்ப இல்ல.

ஆப்பிரிக்காவுல இருந்து புழு வரவழைக்கிறது எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல. நம்ம ஊரு நாங்கூழுக்கு என்ன கொறச்சல்?

#9 நுண்ணோக்கி | பிப்ரவரி 13, இரவு 10.48

ஐயா, குறைச்சல் ஒன்றும் இல்லை, தொழில் வேறு. நீங்கள் வரப்பில் பார்த்தது பெரும்பாலும் லாம்பிட்டோ மாரிட்டி. அது மண்ணுக்குள் வளை தோண்டி, மேலே வந்து மக்கை இழுத்துக்கொண்டு போய்த் தின்னும். வயலுக்கு அதுதான் ராஜா. ஆனால் வெறும் சாணிக் குவியலில் அடைத்தால் அவ்வளவு வேகமாகத் தின்னாது. ஆப்பிரிக்கன் எனப்படும் யூட்ரிலஸ், ஐரோப்பாவின் ஐசீனியா ரெண்டும் குப்பை மேட்டிலேயே குடியிருக்கிறவை. நம் பக்கத்திலேயே பெரியோனிக்ஸ் என்று ஒரு குப்பைவாசி உண்டு, மழைநாள் ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் தொட்டியை விட்டு ஊர்வலம் போகும். சென்னையில் மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் ஐயா பெரியோனிக்ஸையும் லாம்பிட்டோவையும் சேர்த்தே வேலை வாங்கிக் காட்டியவர், வெளிநாட்டுப் புழு தேவையில்லை என்று சொல்லிவந்தவர்.

#10 மாடித்தோட்டம்_மயிலை | பிப்ரவரி 14, காலை 7.12

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். மாடியில் ரெண்டு டப்பில் சமையலறைக் கழிவு போட்டு மண்புழு உரம் எடுக்கிறேன். எந்தத் தொட்டியில் அந்த உரத்தைப் போட்டாலும் பத்து நாளில் தக்காளிச் செடி காடு மாதிரி முளைக்கிறது! கீரை விதைத்தால் தக்காளி, ரோஜாவுக்குப் போட்டால் தக்காளி. புழு விதையைத் தின்னாதா? விதையே பிழைக்கிறது என்றால் நோய்க்கிருமி மட்டும் எப்படிச் சாகும்? பேரன் அந்த மண்ணில்தான் விளையாடுகிறான்.

#11 நுண்ணோக்கி | பிப்ரவரி 14, காலை 11.30

நியாயமான பயம் அம்மா. மக்கும் குவியல் சூடேறினால் 55 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டைச் சில நாள் பிடித்து வைத்தால் விதையும் சாகும், கிருமியும் சாகும். மண்புழு 35 டிகிரியைத் தாண்டினாலே தவித்துப் போகும், அதனால் புழுத் தொட்டி எப்போதும் குளிர்ச்சியாகவே இருக்கும். தக்காளி விதைக்கு அது சொர்க்கம்.

கிருமி விஷயம் வேறு. சூடு இல்லாமலே சால்மோனெல்லா, மலக்குடல் பாக்டீரியா, வைரஸ், குடற்புழு முட்டை எல்லாம் குறைவதை அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் கழிவுநீர்க் கசடில் ஐசீனியா புழுவை விட்டுப் பார்த்து 2001ல் வெளியிட்டார்கள். அரைவை, செரிமான நொதி, மற்ற நுண்ணுயிரோடு போட்டி எல்லாம் சேர்ந்த வேலை. ஆனால் எல்லாத் தொட்டியிலும் அதே அளவு குறையும் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன். புழு போகாத மூலை ஒன்று இருந்தாலே போதும்.

உங்கள் கழிவு காய்கறித் தோல்தானே, பயப்பட ஒன்றும் இல்லை. பேரன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். நாய், பூனைக் கழிவு மட்டும் போட்டுவிடாதீர்கள். தக்காளி வேண்டாம் என்றால் கழிவை முதலில் ரெண்டு வாரம் தனியாகச் சூடேற விட்டு, ஆறினபின் புழுவுக்குக் கொடுங்கள். மாடி டப்பு சின்னது, சூடு பிடிப்பது கஷ்டம்தான். அழுகின தக்காளியை மட்டும் ஒதுக்கிவிடுவது இன்னும் சுலபம்.

#12 மாடித்தோட்டம்_மயிலை | பிப்ரவரி 14, காலை 11.41

போன மாசம் அந்தத் தானா முளைத்த செடியில் ரெண்டு கிலோ காய்த்தது. ஒதுக்க மனசு வராது :)

#13 வடமராட்சி_வெங்காயம் | பிப்ரவரி 14, மாலை 5.25

நான் யாழ்ப்பாணப் பக்கம். ஆய்வக அக்கா போட்ட கணக்கை அஞ்சு வருசம் முந்தியே ஆராவது எங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம் எண்டு நினைச்சன்.

2021ல இஞ்ச இரசாயன உரம் வரக்கூடாது எண்டு அரசாங்கம் தடை போட்டது தெரிஞ்சிருக்கும். எல்லாரும் பசளைக்கு ஓடினம். மண்புழுப் பசளை தங்கம் மாதிரி ஆச்சு. நானும் தொட்டி கட்டினன். அப்ப எங்களுக்கு விளங்காத விசயம் இதுதான்: ஒரு அம்பது கிலோ யூரியா மூட்டைக்குள்ள 23 கிலோ தழைச்சத்து. ஒரு தொன் மண்புழுப் பசளையில முப்பது வீதம் ஈரம் போனா 700 கிலோ, அதில கொடுமுடித் தம்பியின்ர 1.7 வீதப்படி பார்த்தாலும் 12 கிலோ. ஒரு மூட்டைக்குச் சமனா ரெண்டு தொன் வேணும். அதுவும் அவ்வளவும் அந்தப் போகத்திலயே பயிருக்குக் கிடைக்காது. வெங்காயத் தோட்டம் முழுக்க எங்க போய் அள்ளுறது? தடையை அந்த வருசம் நவம்பரிலயே தளர்த்திவிட்டினம், எண்டாலும் போன போகம் போனதுதான்.

அவசரத்தில இன்னொரு பிழையும் விட்டன். மாட்டெரு காணாது எண்டு பக்கத்துக் கோழிக்கூட்டில இருந்து புதுக் கழிவை அள்ளிக்கொண்டு வந்து நேர புழுத் தொட்டியில கொட்டிப்போட்டன். இரவு ஒரு பத்து மணியிருக்கும், ரோச் லைற் அடிச்சுப் பார்த்தா தொட்டிச் சுவர் முழுக்கப் புழு. ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி, விளிம்பால வழிஞ்சு, நிலத்தில விழுந்து கிடக்குது. அள்ளி அள்ளி உள்ள போட்டன், திரும்பவும் ஏறுது. விடியப் பார்த்தா வெளியில கிடந்ததை எறும்பு மொய்ச்சிருந்தது, உள்ள நிண்டது வெள்ளையா வீங்கிச் செத்துப் போச்சு. தொட்டிக்கு மேல குனிஞ்சா கண் எரியும். மூண்டு மாசம் வளர்த்த புழு ஒரே இரவில.

#14 ஆய்வக_அக்கா | பிப்ரவரி 14, இரவு 9.00

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. அது அம்மோனியா. கோழிக் கழிவில் யூரிக் அமிலம் அதிகம், ஈரம் பட்டதும் உடைந்து அம்மோனியாவாக வரும். குப்பைப் புழுக்கள் கிலோவுக்கு அரை கிராம் அம்மோனியாவைத் தாண்டினால் தாங்காது, உப்பு அரை சதவீதம் தாண்டினாலும் அப்படியே. தென்னை நார்க்கழிவோடு கலந்து, கிளறிக் கிளறி மூன்று நாலு வாரம் வெளியே வைத்திருந்தால் அந்த அம்மோனியாவை நுண்ணுயிரே உடம்பில் கட்டிப்போட்டிருக்கும்.

நார்க்கழிவைப் பற்றிச் சொன்னதால் ஒன்று: அதை நேரே புழுவுக்குப் போட்டால் தொடவே தொடாது. கார்பன் தழைச்சத்து விகிதம் 112க்கு 1, போதாததற்கு மரத்துக்குக் கெட்டித்தன்மை தருகிற லிக்னின். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக முறையில் ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு 24க்கு 1 வரை இறக்குவார்கள். லிக்னினை உடைக்கக் காளானால் முடியும், புழுவால் ரெண்டு மாதத்தில் பெரிதாக முடியாது. புழுவைக் கடைசியில் கூப்பிட்டால் போதும்.

#15 கொடுமுடி_குப்பைக்காரன் | பிப்ரவரி 15, காலை 7.05

அக்கா, தண்ணி எங்க வடியுதுன்னு கேட்டீங்களே. நேத்து சாயந்திரம் டார்ச்சு எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன்.

பெட்டுக்குக் கீழ சரிவாத் தான் கட்டியிருக்கேன். நாலு பெட்டுத் தண்ணியும் ஒரு பிவிசி பைப்புல வந்து கொட்டகைக்குப் பின்னால வாய்க்கால்ல விழுகுது. காலைல பத்துக் குடம், சாயந்திரம் பத்துக் குடம் ஊத்தறது எங்க ஆளு. புழு காயக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். பைப்பு வாய்ல ஒரு கண்ணாடி டம்ளர் புடிச்சேன், கடுங்காப்பி மாதிரி கறுப்பா வருது. ராத்திரி முழுக்க ஒரு பக்கெட்டு வெச்சேன், காலைல முக்கால் பக்கெட்டு.

இன்னொண்ணு சொன்னாச் சிரிப்பீங்க. அந்த வாய்க்கால் ஓரமா ஒரு தென்னை நிக்குது. எங்க தோப்புல மத்த 60 மரமும் ஒரு மாதிரி, அது மட்டும் தனிப் பச்சை, குலைக்கு இருபது காய்க்கு மேல. ரெண்டு வருசமா ஜாதி நல்ல மரம்னு சொல்லி அதுல இருந்துதான் நெத்து எடுத்து நாத்து விட்டுட்டிருக்கேன்.

#16 ஆய்வக_அக்கா | பிப்ரவரி 15, காலை 9.48

சிரித்துவிட்டேன் தம்பி, மன்னிக்கணும். திருடன் அகப்பட்டுவிட்டான்!

பொட்டாசியம் மற்ற ரெண்டைப் போல இல்லை. தழைச்சத்து புரதத்துக்குள், மணிச்சத்து பெரும்பாலும் கரிமப் பொருளிலும் சுண்ணாம்போடும் கட்டுண்டு இருக்கும். பொட்டாசியம் செடியின் சாற்றில் கரைந்த உப்பாகவே இருக்கிறது. வாழை மட்டை அழுகி உடைந்த அடுத்த நிமிடமே தண்ணீரில் இறங்கிவிடும், நுண்ணுயிர் மக்கவைக்கும்வரை அது காத்திருக்காது. அதிலும் நீங்கள் போடுவது வாழை. தண்ணீர் வடிந்தால் முதலில் போவது சாம்பல்சத்து, அடுத்து நைட்ரேட். நூற்றுக்கு 60, 70 ஈரம் போதும். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ரெண்டு மூன்று சொட்டு வரணும், ஒழுகக் கூடாது. சணல் சாக்கை நனைத்து மேலே போர்த்துங்கள், குடம் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

வடிகிற தண்ணீரை "வெர்மிவாஷ்" என்று பாட்டிலில் அடைக்க நினைக்காதீர்கள். முழுசாக மக்கின படுக்கையில், புழு நிறைய இருக்கும்போது சொட்டுச் சொட்டாகப் பிடிப்பதுதான் அது. பாதி மக்கின சாணி வழியாக வருவது சாணிக் கழுநீர், கிருமியும் அதில் இருக்கும். அதைத் திரும்ப அடுத்த பெட்டுக்கே ஊற்றலாம், இல்லை பத்துக்கு ஒன்றாகக் கலந்து மரங்களுக்கு விடலாம். கீரைக்கு வேண்டாம்.

#17 புழுப்பண்ணை2009 | பிப்ரவரி 15, மாலை 4.30

மேடம் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். 5, 7, 11 எண்களை எங்கள் துண்டுச்சீட்டிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன், மிச்சம் இருக்கிற ரெண்டாயிரம் சீட்டை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஆனால் என் பக்கத்துச் சங்கடத்தையும் கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மண்புழு உரத்தில் ஈரம் 15லிருந்து 25 சதவீதத்துக்குள் இருக்கணும். தழைச்சத்து 1.0, மணிச்சத்து 0.8, சாம்பல்சத்து 0.8, கார்பன் 18 குறைந்தபட்சம். சத்து எங்களுக்கு வந்துவிடுகிறது. 25க்குக் கீழே ஈரம் கொண்டுவரக் காயவைத்தே ஆகணும். வெயிலில் போட்டால் நுண்ணோக்கி தம்பி சொல்கிற அந்த வகைவகையான கூட்டம் பிழைக்குமா?

#18 நுண்ணோக்கி | பிப்ரவரி 15, இரவு 10.10

நல்ல கேள்வி அண்ணே. நேர் வெயிலில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்தால் நைட்ரேட் ஆக்குகிறவைதான் முதலில் அடிபடும். ஸ்போர் (கெட்டி உறைக்குள் உறங்கும் வித்து) போடத் தெரிந்தவை தப்பிக்கும், அதனால் பிறகு எண்ணிப் பார்த்தாலும் எண்ணிக்கை கௌரவமாகத்தான் தெரியும், வகை போயிருக்கும். நிழலில், மெல்லியதாகப் பரப்பி, மெதுவாக 25க்குக் கொண்டுவந்து அதோடு நிறுத்துங்கள். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரணும், தூசி பறக்கக் கூடாது. 15 வரை காயவைக்கிறது எடைக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். பக்கத்தில் இருக்கிற விவசாயி ரெண்டு நாளில் வந்து எடுத்துக்கொள்வார் என்றால் 35, 40லேயே கொடுப்பது பயிருக்கு நல்லது, சட்டத்துக்கு அல்ல.

#19 தலைஞாயிறு_தாத்தா | பிப்ரவரி 16, காலை 5.50

பண்ணைக்காரரே, அந்த ரெண்டாயிரம் சீட்டையும் கிழிச்சு நனைச்சுப் புழுவுக்கே போடுங்க. காகிதம் நல்லாத் திங்கும்.

#20 கொடுமுடி_குப்பைக்காரன் | ஏப்ரல் 27, இரவு 8.22

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், மஞ்சள் வெட்டு முடிஞ்சு இப்பத்தான் உக்காந்தேன்.

ரெண்டு பெட்டுக்குச் சாக்குப் போர்த்தி, கைத்தெளிப்பான்ல மட்டும் தண்ணி. மத்த ரெண்டும் பழையபடியே குடத்துல. ஒரே சாணி, ஒரே மட்டை. பைப்பையும் ரெண்டா வெட்டித் தனித்தனிப் பக்கெட்டு வெச்சேன். சாக்குப் பெட்டுப் பக்கெட்டு ஒரு வாரத்துக்கு ஒரு சொம்பு கூட ரொம்பறதில்ல. மாதிரி எடுத்துக் குடுத்திருக்கேன், சீட்டு வந்ததும் எல்லா எண்ணையும் இங்க போடறேன், அக்கா கணக்குப் போட்டுச் சொல்லணும். இந்தத் தடவையும் சாம்பல் கேட்டிருக்கேன்.

வெயில் ஏறுனதுல சாக்கு ஒரு நாளைக்கு மூணு வாட்டி நனைக்க வேண்டியிருக்குது, ஆளு முணுமுணுக்கறாப்புல. புழு ஒண்ணும் ஓடல.

அந்தத் தென்னைக்கு ரெண்டு மாசமா பாதித் தண்ணிதான் போகுது. இன்னும் பச்சையாத்தான் நிக்குது. அதுல எடுத்த நாத்து 40 வித்துட்டேன், வாங்குனவங்ககிட்ட என்னன்னு சொல்றதுன்னுதான் தெரியல.